பத்துக் கதவுகளில் ஜப்பான் எண்கள்

மஞ்சூர்,
12.11.1996

காரமடையில் இருக்கும் மாமா வேலுசாமி அவர்கள் சமுகத்துக்கு, மருமகன் சின்னராஜ் பணிவோடு எழுதுவது. இங்கு நானும் என் இருமலும் நலம். தாங்களும் அத்தையும், தாங்கள் திருப்பி அனுப்பாமல் வைத்திருக்கும் என் மனைவி வீரம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

வேலை நிரந்தரமாகித் தோட்டத் தொழிலாளர் லைனில் சொந்தமாக ஒரு வீடு கிடைத்தால்தான் பெண்ணை அனுப்புவேன், கார்த்திகை பிறக்கும் வரைதான் கெடு என்றீர்கள். இன்னும் நான்கே நாள். மாமா, வழி பிறந்திருக்கிறது. தேயிலையை ஆவியில் வேகவைக்கும் பழைய எந்திரம் ஒன்று ஜப்பானிலிருந்து எங்கள் ஃபேக்டரிக்கு வந்திருக்கிறது. அதில் பத்து வால்வுகள், மேலே தகடுகளில் அவர்கள் எழுத்திலேயே எண்கள். தப்பான வால்வைத் திறந்தால் ஆவி மூஞ்சியில் அடிக்கும். நாளைக் காலை எட்டு மணிக்கு ஜப்பான்காரர் வருகிறார். பத்து எண்ணையும் தடுமாறாமல் படித்து எழுதிக் காட்டுபவனுக்கு எந்திரமும் நிரந்தர வேலையும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நோட்டில் எழுதிப் படிக்கலாமென்றால் இந்த மழையில் நோட்டு நமுத்துப் பூசணம் பிடிக்கிறது. அதனால் நேற்று விடியற்காலை, மூட்டைக்குக் குறி போடும் சிவப்பு மையை எடுத்து, நான் திண்ணையில் ஒண்டிக்கொண்டிருக்கும் லைனில் பத்து வீட்டுக் கதவிலும் வரிசையாக ஒவ்வொரு எண்ணை எழுதிவிட்டேன். வேலைக்குப் போகும்போது ஒன்று முதல் பத்து, திரும்பும்போது பத்து முதல் ஒன்று. நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

ஜப்பான் மூன்று என்பது படுக்கையாக மூன்று கோடு. திருநீற்றுப் பட்டை என்று மூன்றாம் வீட்டு சாந்தாமணியக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பத்து என்பது சிலுவை மாதிரியே இருக்கும். பத்தாம் வீட்டு தேவநேசன் மெழுகுவத்தி ஏற்றிவிட்டார். வினை நான்காம் வீட்டில் வந்தது. அங்கே இசக்கியம்மாவின் குழந்தைக்குக் காய்ச்சல், கதவைத் திறந்தால் சிவப்பில் மந்திரக் கட்டம் மாதிரி ஜப்பான் நான்கு. "அய்யோ, ஆரோ செய்வினை வெச்சுப்போட்டாங்க!" என்று அந்தம்மா போட்ட கூச்சலில் ஒருத்தரும் இலை பறிக்கப் போகவில்லை. கூடலூரிலிருந்து மந்திரவாதி வரும்வரை யாரும் அழிக்கக் கூடாதாம். இலை இல்லாமல் ஃபேக்டரி நிற்கிறது. எழுதினவன் கிடைத்தால் டிஸ்மிஸ் என்கிறார் மேனேஜர். கையை ஒடிப்போம் என்கிறது லைன். வீடு வீடாக விரலைப் பார்க்கிறார்கள் மாமா! மை போகவில்லை, மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை, அடிபட்ட மாதிரி துணி சுற்றிக்கொண்டு திரிகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தில் சிவப்பாக ஏதாவது தெரிந்தால் குங்குமம் என்று கொள்ளவும். எப்படியும் நாளை தேறிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வீரம்மாவை அவசியம் அனுப்பி வைக்கவும்.

அத்தைக்கும் தங்களுக்கும் என் நமஸ்காரம். ஆண்டவன் நம் இரு வீட்டுக்கும் துணை.

இப்படிக்குத் தங்கள் மருமகன்,
சின்னராஜ்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஒரு நாள் ஓடிவிட்டது. ஜப்பான்காரர் வந்தார், பெட்டியைத் திறந்தார், பழைய தகடுகளைக் கழற்றிவிட்டு 1, 2, 3 என்று நம் பள்ளிக்கூடத்து எண்களையே மாட்டினார். பரீட்சையும் இல்லை, நிரந்தரமும் இல்லை. லைனுக்கு வந்தால் குழந்தைக்கு இன்னும் மருந்து கொடுக்காமல் மந்திரவாதிக்குக் காத்திருக்கிறார்கள். மனசு கேட்கவில்லை. துணியை அவிழ்த்து விரலைக் காட்டினேன். இசக்கியம்மா விளக்குமாற்றை ஓங்கின நேரம், குறுக்கே வந்து நின்றது வீரம்மா! எங்கள் லைனில் செய்வினை என்று பஸ் கண்டக்டர் நஞ்சப்பன் காரமடையில் சொல்லியிருக்கிறார். உங்களிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு அதே பஸ்ஸில் ஏறிவிட்டாள். "ஏனுங்க, எழுதுனவரு தொடைக்க மாட்டாருங்களா? மொதல்ல கொழந்தய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். போனார்கள். இப்போது அவள் கதவு தேய்க்கிறாள், நான் தண்ணீர் சுமக்கிறேன். தேவநேசன் தன் சமையலறையை எங்களுக்கு ஒழித்துத் தந்திருக்கிறார். அவளை அழைத்துப்போக வர வேண்டாம் மாமா. வந்தாலும் வர மாட்டாளாம். இதை அவள்தான் எழுதச் சொன்னாள்.