பால் கூடின இஞ்சின்

போதும் என்று சொல்லத் தெரியாதவனுக்குப் பந்தியில் இடம் கொடுக்கலாம். கையில் ஸ்பேனர் கொடுக்கக் கூடாது. பெரகலயில் கடை வைத்திருக்கும் என் மாமனார் கொடுத்தார். புது மருமகன் மேல் அவ்வளவு நம்பிக்கை. (வேறு மருமகனும் அவருக்கு இல்லை, பாவம்.)

அவருடைய பழைய மொரிஸ் மைனருக்கு ஹப்புத்தளை ஏற்றம் ஆகாது. பாதியில் மூச்சு வாங்கும். கனம் குறைக்க அத்தை இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடப்பார். மச்சான் கல்யாணம் ஹப்புத்தளைக் கோயிலில் என்று முடிவானதும் நான் சபதம் போட்டேன்.

"அத்தை, இந்த வாட்டி நீங்க இறங்கவே வேணாம்!"

சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன் போட்டால் இழுவை கூடும். (போனில் வீடியோ பார்த்திருந்தேன்.) பதுளையில் தீபாவளிச் சட்டை எடுப்பவன் மாதிரி "இதைவிடப் பெருசு இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு, இருந்ததிலேயே பெரியதை வாங்கினேன். லேத்துக்கடை செல்வம் தயங்கினான்.

"அண்ணே, சுவர் அப்பளம் மாதிரி ஆயிரும். அந்தப் பக்கம் சூடு ஆத்துற தண்ணி ஓடுது."

"கடைடா! கல்யாணம்னா அப்பளம் இல்லாமலா?"

கடைந்தான். நானே பூட்டினேன்.

கல்யாணத்தன்று ஸ்டியரிங்கில் நான், பக்கத்தில் மாமா, பின்னால் பட்டு வேட்டியில் மச்சானும் அத்தையும். முதல் வளைவில் கார் பறந்தது. "அடேயப்பா!" என்றார் மாமா. அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு வளைவுக்குத்தான். அடுத்த வளைவில் 'பட்'.

அத்தை திரும்பிப் பார்த்தார். "என்ன மாப்ள, பின்னால யாரோ சாம்பிராணி போடுறாங்க?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். நான் பூதம் வேண்டுமென்று வெட்டினேன், கிணறு கிளம்பிவிட்டது. சுவர் வெடித்து, தண்ணீர் ஒயிலில் கலந்திருந்தது. மாமா ஒயில் பார்க்கும் கம்பியை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினார். சொட்டியது அசல் பால் தேத்தண்ணி நிறம்.

"மாப்ள, பால் கொஞ்சம் கூடிருச்சு."

முகூர்த்தம் நெருங்கியது. நல்லவேளை, தேயிலைக் கொழுந்து லொறி ஒன்று வந்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் மச்சான் கொழுந்துச் சாக்குகளின் மேல் ஏறினான். காரை லொறியின் பின்னால் கயிற்றில் கட்டினார்கள். ஸ்டியரிங்கில் மாமா. அத்தையை லொறிக்குக் கூப்பிட்டோம், அசையவில்லை.

"இறங்க வேணாம்னு மாப்ள சொல்லிருக்காரு."

ஏற்றத்தில் லொறியும் முனகியது. "மாப்ள, கனம் குறையணும்," என்றார் மாமா. பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் பின்னாலேயே நடந்தேன். அத்தை தேரில் சாமி மாதிரி போய் இறங்கினார். தாலி நேரத்துக்கு ஏறியது. நான் போய்ச் சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது.

இன்றும் அந்த வீட்டுக்குப் போனால், "மாப்ளைக்குத் தேத்தண்ணி கிளாஸ்லயா, இஞ்சின்லயா?" என்று அடுப்படியிலிருந்து அத்தை குரல் கொடுப்பார். தப்பிக்கலாமென்று ஒருநாள் பால் இல்லாத பிளேன்டீ கேட்டேன்.

மச்சான் நிமிர்ந்து பார்த்தான். "ஏன் மச்சான், இஞ்சின் சரியாயிருச்சா?"