சன்னலைப் பார்க்கும் ஏரியல்

"தம்பி, ஒன் ஏரியல் இன்னைக்கும் எங்க வீட்டுச் சன்னலத்தான் பாக்குது."

எதிர் வரிசை லயத்து வீட்டுச் சின்னக்கருப்பன் வாசலில் நின்றார். தேயிலை ஆலையில் மின்வேலை பார்க்கும் புனிதன் தலையைச் சொறிந்தான். மலைக்கு மேலே கடந்து போகும் சிறு செயற்கைக்கோள்களின் ஒலியைக் கேட்டு இணையத்தில் போடுவதற்காக அவன் கூரையில் நிறுத்திய ஏரியல் அது. அதை இயக்கும் மென்பொருள் பொதுச்சொத்து. எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். எந்த நாட்டிலிருந்தும் யாரும் ஒரு செயற்கைக்கோளின் பெயரைப் பதிந்து வைத்தால், ஏரியல் தானே திரும்பிக் கேட்கும்.

"நான் திருப்பல மாமா. மேற்கால எறங்குற சாட்டிலைட்டாவே பாத்து யாரோ கேக்குறாங்க."

"வேற பக்கம் எறங்கச் சொல்லு. வயசுப் பொண்ணு இருக்கிற வீடு லா."

அந்தப் பெண் அவர் மகள் துளசி, ரிங்லெட் ஊரின் பாலர்பள்ளி ஆசிரியை. அவள் எதிரே வந்தால் புனிதன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே போய்விடுவான்.

அன்றே மென்பொருளைத் திறந்து, ஏரியலை எதிர்ப்பக்கமாகச் சுற்ற வைத்தான். மாலையில் அது லயம் முழுவதையும் வீடு வீடாக விசாரித்துவிட்டுத் துளசியின் சன்னலில் போய் நின்றது.

மறுநாள், ரொம்பத் தாழக் குனியாதே என்று ஒரு கட்டளை சேர்த்தான். எங்கோ ஒரு குறி பிசகிவிட்டது. ஏரியல் சன்னலுக்கு நேரே குனிவதும் நிமிர்வதுமாகக் கும்பிடு போட ஆரம்பித்தது. தேயிலைக் கொழுந்து ஏற்றிப் போன லோரியிலிருந்து ஒரு குரல் வந்தது. "பொண்ணு கேக்குது போல."

"இனி தோட்டத்துத் தொரைகிட்டதான் பேசணும்" என்றார் சின்னக்கருப்பன்.

புனிதன் ஏரியலைக் கழற்றினான். எந்த ஊர்ப் பிள்ளைகளோ கூடிச் செய்து அனுப்பிய செயற்கைக்கோள் ஒன்று, இன்று கேட்க ஆளில்லாமல் மலையைத் தாண்டிப் போகும்.

ஸ்ட்ராபெரிப் பெட்டி ஒன்றுடன் போய் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினான். துளசியின் அம்மா யோகேஸ்வரி திறந்தாள்.

"மன்னிச்சிருங்க அத்தை. எறக்கிட்டேன். இனிமே எதுவும் இங்க எட்டிப் பாக்காது."

உள்ளே ஏதோ பாத்திரம் நழுவி விழுந்தது. யோகேஸ்வரி திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"அட போ தம்பி. நீயா திரும்பிப் பாக்க மாட்டேங்கிறன்னு, தெனமும் பாலர்பள்ளி விட்டு வந்ததும் ஃபோன்ல அந்தச் சாட்டிலைட்டுப் பேரெல்லாம் பதியிறதே எங்க துளசிதான்."