அத்தான் கடை வேலையை நான் மறுத்த விவகாரம்

பைன் ஹாலோ, விஸ்கான்சின்
பிப்ரவரி 9, திங்கள்

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

தம்பி ஆரின் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம். அங்கே உன் முழங்கால் வலியும் டெல்பர்ட் அத்தானின் இரத்த அழுத்தமும் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்தால் இரண்டும் ஏறும், அதற்கு முன்கூட்டியே மன்னிப்பு.

காகித ஆலையை மூடி எங்களை அனுப்பிப் பதினொரு வாரம் ஆகிறது. ஞாயிறுதோறும் தேவாலயத்திலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், கணினியில் மாநிலம் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொன்னால்தான் வேலையில்லாதவனுக்கு உதவித்தொகை. வாரத்துக்கு நான்கு இடத்தில் வேலை கேட்டதாகவும் காட்ட வேண்டும். இந்த ஊரில் மொத்தமே பதினைந்து கடை, நான் இப்போது மூன்றாவது சுற்றில் இருக்கிறேன். போன வாரம் முடிவெட்டும் கார்லீன் கத்தரிக்கோலோடு வாசலுக்கே வந்துவிட்டாள். "ஏம்ப்பா, உனக்கு வேலை இல்லன்னு எனக்குத் தெரியாதா? உட்காரு, முடியாவது வெட்டி விடறேன்" என்றாள். வெட்டிக்கொண்டு, அதையும் கணக்கில் எழுதினேன்.

கெடுத்தது ஒரே ஒரு கேள்வி, வந்த வேலையை மறுத்தவனுக்குப் பணம் கிடையாது. 'இந்த வாரம் உங்களுக்கு வந்த வேலை எதையாவது மறுத்தீர்களா?' கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நானும் அத்தானும் ஏரியில் பனியைத் துளைத்து மீனுக்காக உட்கார்ந்திருந்தோமே, அப்போது நாலாவது பியரில் அவர், "பேசாம என் தூண்டில் கடைக்கு வந்துடுடா, புழு எண்ணிப் போட ஆள் இல்ல" என்றார். "செத்தாலும் வரமாட்டேன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த ஞாயிறு 'இல்லை' என்று தட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம். பாவி பாதிரியார் அன்றைக்குப் பார்த்தா பொய்சாட்சியைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்ய வேண்டும்! 'ஆம்' என்று தட்டினேன். அத்தான் பெயர், கடை விலாசம், புழு எல்லாம் எழுதினேன். ஆறு வாரமாக ஒரு காசு வரவில்லை.

ஃபோன் செய்தால் ஒரு மணி நேரம் பாட்டு, பிறகு திருமதி ப்ராட் என்கிற அம்மாள்.

"வேலை வந்துச்சா, வரலையா சார்?"

"வந்துச்சும்மா. ஆனா விளையாட்டுக்கு."

"விளையாட்டுக்குன்னு இங்க கட்டம் இல்லையே சார்."

கடை இங்கிருந்து தொண்ணூறு மைல் தூரம் என்றதும் அவருக்கே மனம் இளகியது. "தினமும் அவ்வளவு தூரம் போக முடியாதுதான். உங்க அத்தானைக் கேட்டுக்கறேன். அவரும் விளையாட்டுன்னு சொல்லிட்டா கேஸ் முடிஞ்சுது" என்றார்.

அக்கா, நான் விடப்போவதில்லை. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள் தாமதமாகப் போனவனில்லை. நான் கேட்பது பிச்சையில்லை, எனக்கு உரியது. வீட்டை விற்றுவிட்டு உன் வீட்டுக் கீழறையில் வந்து படுக்கச் சொல்லி நாலு தடவை எழுதிவிட்டாய். மாட்டேன். இது என் கையால் கட்டின வீடு. மார்ச்சில் மரம் அறுக்கும் ஆலையில் ஆள் எடுப்பார்கள், அதுவரை அந்தப் பணம் வந்தால் வீடு தங்கும். ஆகவே அத்தானிடம் சொல்லு: கேட்டால் 'விளையாட்டுக்குச் சொன்னேன்', அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் அன்பு. உன் முழங்காலைக் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும், அத்தான் வாயை நீ பார்த்துக்கொள்.

உன் தம்பி
ஆரின் ஹால்வர்சன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகையில் திருமதி ப்ராட் கூப்பிட்டார். அத்தானிடம் காலையிலேயே பேசிவிட்டாராம். விளையாட்டா என்று கேட்டதற்கு, "என் கடை என்ன விளையாட்டுச் சாமானா?" என்று எகிறினாராம். தூரமாச்சே என்றதற்கு, "தங்கறதுக்கு எங்க வீட்லயே ரூம் இருக்கு, அவன் அக்கா டிசம்பர்லயே மெத்தை போட்டு வெச்சிருக்கா" என்றாராம். உதவித்தொகை போச்சு. நாலு வார்த்தை நன்றாகக் கேட்கலாம் என்று அத்தானைக் கூப்பிட்டேன். "அன்னிக்கு நான் நெஜமாத்தான்டா கேட்டேன். நேரா கேட்டா உனக்கு ரோஷம் வந்துடும்" என்றார். ஃபோனை வைத்துவிட்டுப் பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன், அக்கா. வீட்டை விற்கமாட்டேன், பூட்டிவிட்டுப் புழு எண்ண வருகிறேன், மார்ச் வரைக்கும்தான். வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு இருப்பேன். இந்தக் கடிதத்தையும் நானே கொண்டுவருகிறேன், படித்ததும் அத்தான் கண்ணில் படாமல் கிழித்துப் போடு.