கித்துல்கல ஆற்றங்கரையில் நான் பேசிய ஆதி இங்கிலீஷ்

பிள்ளைகளே, ஒரு காலத்தில் நான் தேவைக்கு மேல் இங்கிலீஷ் படித்துவிட்டேன். (பயப்படாதீர்கள், இப்போது குணமாகிவிட்டது.)

தெஹியோவிட்ட பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். மழை பெய்தால் வெட்டு கிடையாது. எங்கள் பக்கத்து மழையோ லீவு எடுக்காது. அப்போதுதான் கித்துல்கலயில் வெள்ளைக்காரர்களை ஆற்றில் படகுவிடக் கூட்டிப்போகும் வேலைக்கு, நீச்சலும் இங்கிலீஷும் தெரிந்த ஆள் தேடினார்கள். நீச்சல் என்னிடம் இருந்தது. இங்கிலீஷுக்காகப் பழைய பேப்பர் கடையில் ஒரு புத்தகம் பிடித்தேன். இங்கிலீஷ் பிறந்த கதை!

ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன்னால் ஜெர்மனி, டென்மார்க் பக்கமிருந்து ஆங்கிலர், சாக்சன் என்ற கூட்டத்தார் படகேறி பிரிட்டனுக்கு வந்தார்களாம். அவர்கள் பேச்சிலிருந்து வளர்ந்ததுதான் இங்கிலீஷ். அவர்களுடைய வீரகாவியங்களில் மோனை தெறிக்கும். எதையும் லேசில் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். இரண்டு சொல்லை ஒட்டி ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள். நான் கணக்குப் போட்டேன்: தமிழில் பழசுக்குத்தானே மரியாதை? இங்கிலீஷிலும் அப்படித்தான் இருக்கும். மூன்று மாதம் பழைய சொற்களாகப் பார்த்து மனப்பாடம் செய்தேன்.

"எல்லாரும் பேசுற இங்கிலீஷையும் கொஞ்சம் பாருங்களேன்" என்றாள் மனைவி, சட்டையை அயர்ன் செய்துகொண்டே.

"அது கடைத்தெரு இங்கிலீஷ், புள்ள. நான் பேசப்போறது மூலம்!"

இன்டர்வியூ அன்று ஆற்றங்கரையில் மேனேஜர் நிஜாம் நானா காத்திருந்தார். பக்கத்தில் ஹெல்மெட் போட்ட ஒரு இங்கிலாந்து அம்மா. நானா ஒரு லைஃப் ஜாக்கெட்டைத் தண்ணீரில் வீசினார்.

"அதுதான் வெள்ளைக்காரர், ஆத்துல விழுந்துட்டார். கயிறு வீசப்போறீங்க. கத்துங்க தம்பி!"

ஒரு காலைப் பாறைமேல் வைத்தேன். நெஞ்சை நிமிர்த்தினேன். ஆற்றைப் 'படகுகளின் பாதை' என்றேன். விழுந்தவரை 'அலைகளின் அதிதி' என்றேன். எல்லாம் ஆதி இங்கிலீஷில். கயிற்றை 'உயிர்ப்பாம்பு' என்று அறிவிக்கும்போது ஜாக்கெட் வளைவு திரும்பி மறைந்திருந்தது.

நானா வாட்சைப் பார்த்தார். "ஆள் இந்நேரம் ஆத்தோட போய் அவிசாவளை டவுனையே தாண்டிட்டார் தம்பி."

இங்கிலாந்து அம்மா மட்டும் கைதட்டினார். "தமிழ் எவ்வளவு அழகான பாஷை!"

"என்னதான் கத்தணும் நானா?"

"ரோப்! வேற ஒண்ணுமில்ல."

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். ரோப் என்பதும் அந்தக் கூட்டத்தார் பேசிய சொல்தானாம், உச்சரிப்புதான் கொஞ்சம் மாறியிருக்கிறது. முதல் பக்கத்திலேயே இருந்தது. ரொம்பச் சாதாரணமாக இருக்கிறதே என்று தாண்டிப் போயிருக்கிறேன்!

நானா நல்ல மனிதர். என் நீச்சலைப் பார்த்து வேறு வேலை கொடுத்தார். ஆற்றின் கீழ்ப்பக்கம் நின்று, மிதந்து வரும் துடுப்பு, தொப்பி, செருப்பு, சிலசமயம் ஆள், எல்லாவற்றையும் பிடித்துக் கரையேற்ற வேண்டும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. எட்டு வருடமாகச் சிறப்பாகச் செய்கிறேன்.

வீட்டில்தான் நிம்மதி இல்லை, இந்தக் கதை அங்கே எல்லாருக்கும் மனப்பாடம். நேற்று அடுப்பில் பால் பொங்கியது. அது ஏன் பொங்குகிறது என்று மனைவிக்கு ஆரம்பத்திலிருந்து விளக்கத் தொடங்கினேன். சின்ன மகள் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"அவர் அவிசாவளை தாண்டிட்டாருப்பா."