அதிகாரி வந்த அன்று எங்கள் வீட்டில் இருந்த பொருட்கள்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

நாங்கள் இங்கே நலம். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலம் என்று நம்பித்தான் ஒரு புகாரோடு எழுதுகிறேன். புகார் உங்கள் தங்கையைப் பற்றியது. அண்ணன் என்ற முறையில் நீங்கள்தான் கண்டிக்க வேண்டும்.

நான் வேலை பார்த்த தையல் கம்பெனி மூடி ஐந்து மாதம் ஆகிறது. விலைவாசி ஏறிய ஏற்றத்தில், வீட்டிலிருந்து தைத்து வருவது அரிசிக்கே பற்றவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வழி பிறக்காவிட்டால் தையல் மெஷினை விற்பது என்று முடிவு செய்திருந்தோம். அதை விற்றால் கையை விற்ற மாதிரி. அந்த நேரத்தில்தான் கஷ்டப்படும் குடும்பங்களுக்கு மாத உதவித்தொகை என்று அறிவித்தார்கள். விண்ணப்பித்தோம். செவ்வாய்க்கிழமை வீட்டைப் பார்க்க அதிகாரி வருவார் என்று தகவல் வந்தது.

அன்று காலை நூல் வாங்கிக்கொண்டு திரும்பினால், மாடிப்படியில் சலூன்காரர் தன் கடை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார், தலை சாய்க்கும் பலகையோடு. உள்ளே பக்கத்து வீட்டு நர்ஸம்மாவின் பூப்போட்ட திரைச்சீலை தொங்குகிறது. சுவரில் ஈரம் ஊறிக் கறுத்த இடத்தை மறைத்து ரிப்பேர் கடைக்காரரின் பெரிய டிவி, அதுவும் படம் வராத டிவி, நிற்கிறது.

“என்னடி இது?”

“வர்றவங்க நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?”

“ஏழைன்னு நினைக்கத்தான்டி வர்றாங்க!”

“ஏழைன்னு நினைக்கட்டும். வீட்ட ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவன்னு நினைக்கக் கூடாதுல்ல?”

நாற்காலியைத் திருப்பி அனுப்பக் கதவுப் பக்கம் திரும்பினேன். அதற்குள் அதிகாரியம்மா வந்துவிட்டார், சலூன் நாற்காலியில் உட்கார்ந்தார், சுற்றிப் பார்த்துப் படிவத்தில் எழுதினார்: பெரிய டிவி, ஒன்று. உண்மையைச் சொன்னால் இவள் மானம் போகும், சொல்லாவிட்டால் மெஷின் போகும் என்று மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நிற்கிறேன், சலூன்காரர் மூச்சு வாங்க ஓடி வந்து, “தங்கச்சி, ஒருத்தர் பாதி ஷேவிங்கோட நிக்கிறார், அந்த நாற்காலியக் குடும்மா” என்கிறார். அதிகாரியம்மா எழுந்தார். நாற்காலி போயிற்று. பின்னாலேயே ரிப்பேர் கடைக்காரர், “டிவிக்கு ஆள் வந்துட்டாருங்க” என்று அதையும் தூக்கிக்கொண்டு போனார். சுவர் தன் கறுத்த முகத்தைக் காட்டியது.

அதிகாரியம்மா திரைச்சீலையைப் பார்த்தார். “இதுக்கு எப்ப ஆள் வருவாங்க?”

“சாயங்காலம் டூட்டி முடிஞ்சு வருவாங்க மேடம்.” உங்கள் தங்கை தலை நிமிரவில்லை.

“மெஷினாவது உங்களுதா?”

“வெள்ளிக்கிழமை வரைக்கும்” என்றேன் நான்.

அவர் சிரிக்கவில்லை. எழுதியதையெல்லாம் அடித்தார். “இருக்கறத இருக்கற மாதிரியே வைங்கம்மா. அதப் பார்க்கத்தான் நாங்க வர்றோம்” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். வியாழக்கிழமை பணம் வந்தது. மெஷின் ஓடுகிறது, இப்போது இவள்தான் மிதிக்கிறாள்.

இப்படிப்பட்டவளை எனக்குக் கட்டி வைத்தவர் நீங்கள். கடுமையாக நாலு வரி எழுதுங்கள். அக்காவின் முழங்கால் வலி குறையட்டும். பிள்ளைகள் சண்டை போட்டாலும் சேர்ந்தே சாப்பிடட்டும்.

அன்புடன்,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: கண்டித்து எழுத வேண்டாம். இந்தப் புகாரை எழுதச் சொன்னதே உங்கள் தங்கைதான். உங்கள் கடை இரண்டு மாதமாகத் திறக்கவில்லை என்று அக்கா போனில் இவளிடம் அழுதாராம். “எங்கண்ணன் ரோஷக்காரரு. சும்மா அனுப்பினா கிழிச்சுப் போட்டுருவாரு. முதல்ல என்னை வச்சு அவரச் சிரிக்க வைங்க” என்றாள். உறைக்குள் இன்னொரு காகிதம் இருக்கும். அதே உதவித்தொகைக்கான படிவம். உங்கள் பெயரை அவளே எழுதிவிட்டாள். கையெழுத்து மட்டும்தான் நீங்கள் போட வேண்டும்.