இஞ்ஞாசிக்கு என்ன வேலை?

மோர்டன்,
வியாழக்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க பியற்றிஸ் அக்காவுக்கு,

தம்பி யேசுரட்ணம் எழுதுவது. மாதாவின் கிருபையால் நானும் மேரிசாந்தியும் மகள் ஷெறோனும் இங்கே சுகம். உங்கள் முழங்காலும் யாழ்ப்பாணத்து வெயிலும் ஒன்றையொன்று பொறுத்துக்கொண்டிருப்பதாக நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீங்கள் என்னைக் கதைக்க விடமாட்டீர்கள், அதனால் கடிதம்.

ஷெறோன் விரும்பியிருக்கும் பொடியனுக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். மூன்று கிழமையாக நானும் அதைத்தான் கண்டுபிடிக்கப் பார்க்கிறேன். தெரிந்ததை முதலில் சொல்கிறேன். ஸ்பெயின்காரன், எங்களைப்போல வேதக்காரன், ஞாயிறு பூசை தவறவிடாதவன், வயது முப்பத்தெட்டு. பெயர் இக்னாசியோ. எங்கட இஞ்ஞாசிதானே என்று மேரிசாந்தி அப்படியே கூப்பிடுகிறாள், அவனும் திரும்பிப் பார்க்கிறான். ஷெறோன் ஒரு உதைபந்தாட்டக் கிளப்பில் வீரர்களின் சுளுக்கு எடுக்கிறாள் அல்லவா, அங்கேதான் பழக்கம். "முந்தி மிட்ஃபீல்டில விளையாடினவர், இப்ப மனேஜர் அப்பா" என்றாள். எனக்கு அந்தக் கடைசிச் சொல் மட்டும்தான் காதில் விழுந்தது.

இங்கே கோயிலில் எனக்குப் பழக்கமான கிளின்ரன் என்ற பொடியனிடம், பூசை முடிந்ததும், மாப்பிள்ளை மனேஜர் என்று சொன்னேன். எங்கே என்று கேட்டான். பக்கத்தில்தான் என்றேன். அடுத்த ஞாயிறு போனால், மாப்பிள்ளை சூப்பர் மார்க்கெட் நடத்துவதாகக் கோயில் முழுக்கக் கதை. கிளின்ரன் தன் தங்கச்சி கௌசிக்குக் கவுண்டரில் ஒரு வேலை போட்டுத் தரச் சொல்லி விண்ணப்பமும் கொண்டுவந்திருந்தான். அது இன்னும் என் கோட்டுப் பொக்கற்றில் கிடக்கிறது.

பிறகு ஷெறோன் அவனுடைய முழுச் சேவை விபரத்தையும் கடதாசியில் எடுத்துத் தந்தாள். முப்பத்தொரு வருசம் கல்விக் கந்தோரில் இலிகிதராக இருந்தவன் நான், எத்தனை பேருடைய கோப்பைப் பார்த்திருப்பேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பதினாறு வருசத்தில் பதினொரு இடமாற்றம். எந்த எம்.பி.யைப் பகைத்தவராம் என்று கேட்டேன், அவள் சிரிக்கிறாள். நாலு இடத்தில் 'லோன்' என்று போட்டிருக்கு. ஆளை இரவல் கொடுக்கிறதாம். உரலை இரவல் குடுப்பினம், ஏணியை இரவல் குடுப்பினம், ஆளை இரவல் குடுக்கிற கந்தோரை நான் கேள்விப்பட்டதேயில்லை. இரண்டு தரம் வேலை இடைநிறுத்தம், காரணம் மஞ்சள் அட்டையாம். முப்பத்துநாலு வயதில் ஓய்வு, பென்சன் கிடையாது. சரி, அத்தனை வருசமும் என்ன செய்தவர் என்று கேட்டால், கோலும் காக்கவில்லை, கோலும் பெரிதாக அடிக்கவில்லை, நடுவில் நின்று ஒருவரிடம் வாங்கி இன்னொருவரிடம் கொடுத்தாராம். அது எனக்கு விளங்கினது அக்கா. அதுதான் இலிகிதர் வேலை. அந்த இடத்தில் மட்டும் பொடியனில் எனக்கு ஒரு பட்சம் வந்தது.

வந்த பட்சத்தை அடுத்த வரி கெடுத்துவிட்டது. 'கெயார்டேக்கர் மனேஜர்' என்று இருந்தது. கெயார்டேக்கர் என்றால் என்னவென்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை, லண்டன் வந்து ஏழு வருசம் பள்ளிக்கூடத்தில் கதவுகளைத் திறந்து பூட்டுகிற அந்த வேலைதானே பார்த்தேன். அவன் முதன்முதல் தேத்தண்ணிக்கு வந்தபோது, தொழில்முறையில் ஏதாவது கதைப்போம் என்று, உமக்கு எத்தனை திறப்புத் தந்திருக்கினம் என்று கேட்டேன். ஒன்றும் தரவில்லை என்றான். அப்ப பொயிலரை ஆர் பார்க்கிறது என்றேன். ஷெறோன் மேசைக்குக் கீழே என் காலில் உதைத்தாள். கெயார்டேக்கர் மனேஜர் என்றால் நிரந்தர ஆள் கிடைக்கும்வரை பார்க்கிறவராம், நவம்பரில் இவனையே நிரந்தரமாக்கிவிட்டார்களாம். பதில் கடமை என்று முதலே சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும்.

போன சனிக்கிழமை மனேஜரை வேலைத்தலத்திலேயே பார்க்கப் போனேன். அறை இல்லை, மேசை இல்லை, பியோன் இல்லை. நிலத்தில் வெள்ளைக் கோடு போட்டு, அதைத் தாண்டாதே என்று மழைக்குள் விட்டிருக்கிறார்கள். கதிரை இருந்தது, அவன் அதில் இருக்கவில்லை. இவனுடைய ஆட்கள் மூன்று கோல் வாங்கினதும் சனம் முழுக்க எழும்பி, இவனைப் பார்த்து வீட்டை போ என்று பாட்டாய்ப் பாடிச்சுது. எனக்குப் பக்கத்தில் இருந்தவரும் பாடினார், நான் என்ன செய்யிறதென்று தெரியாமல் குடையை விரிச்சு முகத்தை மறைச்சுக்கொண்டன்.

ஊரிலும் உதைபந்து ஆடினார்கள்தானே என்பீர்கள். அவர்கள் பின்னேரம் ஆடினார்கள், காலமை வேலைக்குப் போனார்கள். அக்கா, பகிடி இல்லாமல் சொல்கிறேன். என்னை மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் தூக்கி எறிந்தபோது மேரிசாந்தி கைக்குழந்தையோடு தனியே கிடந்து பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தந்தி வந்து நான் வீட்டை போய்ச் சேர மூன்று நாள் எடுத்தது. அந்தச் சீவியம் என் பிள்ளைக்கு வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். பொடியனின் தாய் ஸ்பெயினிலிருந்து இந்த ஞாயிறு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறா. அங்கேயே, இது சரிவராது என்று மரியாதையாகச் சொல்லப்போகிறேன். நீங்கள் சொன்ன அந்த ஹரோ கணக்காளர் மாப்பிள்ளையின் ஆட்களோடு கதையுங்கோ. ஷெறோனுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் செபத்தில் எங்களையும் ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசீர், முழங்காலுக்கு என் விசாரிப்பு.

உங்கள் அன்புத் தம்பி,
சூ. யேசுரட்ணம்

பி.கு. (சனி காலை): கடிதத்தைத் தபாலில் போட முதல் காரியம் மாறிவிட்டது. நேற்றுப் பின்னேரம் இஞ்ஞாசியை வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள். நேரே இங்கே வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "அங்கிள், எனக்கு இப்ப வேலை இல்லை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை என்னை வேண்டாம் எண்டு சொன்னாலும் அது நியாயம்" என்று இங்கிலிஷில் சொன்னான். நான் சொல்லப்போவது இவனுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. குற்றப்பத்திரம் தந்தார்களா என்று கேட்டேன். இல்லை. விளக்கம் கோரினார்களா? இல்லை. விசாரணை? போனில் ஒரு நிமிசம் கதைத்தார்களாம். எங்கள் கந்தோரில் ஒரு பியோனைக்கூட இப்படி அனுப்பினதில்லை அக்கா. அவனை இருத்தி, மேரிசாந்தியைச் சோறு போடச் சொல்லி, கிளப்புத் தலைவருக்கு மூன்று பக்கத்தில் ஒரு மேன்முறையீடு எழுதினேன். கடதாசியின் அடிக்கு வந்ததும், நீர் ஆர், என்ன உரிமையில் எழுதுகிறீர் என்று கேட்பார்களே என்று பேனையோடு கொஞ்ச நேரம் இருந்தேன். ஷெறோன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேறொன்றும் பொருந்தவில்லை, 'மேன்முறையீட்டாளரின் மாமனார்' என்று போட்டுக் கையெழுத்து வைத்தேன். காலமையே பதிவுத்தபாலில் அனுப்பியாச்சு, இனித் திருப்பி எடுக்க ஏலாது.