மாமனாரின் தொப்புளும் ஒரு சொறித்தவளையும்

பாடம் நடத்துகிறவனுக்கு அந்தப் பாடம் தெரியும் என்று தயவுசெய்து நம்பாதீர்கள். சொறித்தவளையின் கண்ணுக்குப் பின்னால் விஷச் சுரப்பிகள் உண்டு, அதைக் கவ்வும் நாய்க்கு நுரை தள்ளும் என்று திண்டுக்கல் கல்லூரி ஒன்றில் வருஷா வருஷம் படம் போட்டு நடத்தியவன் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். தலைதீபாவளிக்கு நிலக்கோட்டை போயிருந்தேன். பூ வியாபாரியான மாமனாருக்கு உயிரே டைகர்தான். (பெயர்தான் அப்படி. பஞ்சுமூட்டை மாதிரி ஒரு பொமேரியன்.) இருவருக்கும் ஒரே தட்டு.

மழை விட்ட காலையில், கொல்லையிலிருந்து டைகர் நுரை தள்ளியபடி தள்ளாடி வந்தது. வீடே புது மாப்பிள்ளையைப் பார்த்தது. விலங்கியல் பேராசிரியர் அல்லவா?

"வெறிதான். சந்தேகமே இல்ல" என்றேன்.

அவ்வளவுதான். நாயைக் குளியலறையில் போட்டுப் பூட்டினார்கள். பக்கத்து வீட்டு சேசு அண்ணன் உலக்கையோடு வந்துவிட்டார். ஒரே தட்டில் சாப்பிட்டவர் என்பதால், தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிக்காக மாமனாரைப் பூ வேனில் ஏற்றினேன். மல்லிகைக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதார்.

"வலிக்காமக் கொல்லுங்கப்பா."

வேன் போனதும் கை கழுவக் கொல்லைக்குப் போனேன். டைகரின் தண்ணீர்க் கிண்ணத்தருகே ஒரு சொறித்தவளை உப்பி உட்கார்ந்திருந்தது. கண்ணுக்குப் பின்னால் வெள்ளைப் பால். நான் கரும்பலகையில் வரைந்ததைவிட லட்சணமாக இருந்தது!

பாய்ந்து பிடித்துக்கொண்டு ஓடினேன். சேசு அண்ணன் தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நில்லுங்க. வெறி இல்ல. இதக் கடிச்சிருக்கு."

"ஏன் மாப்ள, செத்த முன்னாடி நீங்கதான வெறின்னீங்க?"

நிரூபிக்கச் சுரப்பியை அமுக்கிக் காட்டினேன். பால் பீச்சியடித்தது, நேராக என் கண்ணில். மிளகாயை அரைத்து அப்பியது போல் எரிய, "வாயக் கழுவுங்க, வாயக் கழுவுங்க" என்று குருடனாக அலறினேன். ஒரே ஒரு குழாய். டைகர் வாயா, என் கண்ணா என்ற போட்டியில் டைகர் ஜெயித்தது. (தண்ணீர் திறந்தவள் என் மனைவி.)

அவள் தோளைப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். மாமனார் சட்டையைத் தூக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தார். முதல் ஊசி இறங்கியிருந்தது. தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

"டைகர் இருக்கா?"

"இருக்கு மாமா. பால் குடிச்சுச்சு."

"அப்பச் சரி" என்று சட்டையை இறக்கினார்.

இன்றும் நான் எதையாவது அடித்துச் சொன்னால், "கிண்ணத்துப் பக்கம் பாத்துட்டுச் சொல்லுங்க" என்பாள் மனைவி. மாமனார் ஒரு வார்த்தைகூடக் குத்திப் பேசியதில்லை. ஆனால் கடைசிவரை, வாசலில் நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் துண்டை எடுத்து வயிற்றை மூடிக்கொள்வார்.